வரிசையில் மூழ்கிய எஞ்சின்

ஹட்டன் பக்கம் எந்தக் கராஜுக்குப் போய் ரோட்டரி எஞ்சின் என்று வாயெடுத்தாலும் மெக்கானிக் பாஸ்மார் சொல்வது ஒன்றுதான்: "அதுல கைய வைக்காதீங்கண்ணே." ஏன் என்று கேட்டால் பெற்றோல் குடிக்கும், ஒயில் குடிக்கும், சீல் போகும், போனால் வண்டியில் கோழி வளர்க்க வேண்டியதுதான் என்று பதில் வரும். சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இப்படிச் சொல்கிறவர்களில் அந்த எஞ்சினைக் கழற்றிப் பார்த்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மறுபக்கத்தில் யூடியூப் பார்த்து வளர்ந்த பையன்கள். அவர்களுக்கு அது தெய்வம். நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்றில் அது கத்தும் சத்தத்தைப் போனில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார்கள். காலையில் குளிரில் அதை எழுப்பிப் பார்த்தவர்கள் அவர்களிலும் இல்லை.

நான் தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையில், மெஷின் பார்க்கிறவன். எனக்குக் கார் பைத்தியம் கிடையாது. ஒரு மெஷின் எதற்காகச் செய்யப்பட்டது, அதை எதற்குப் பாவிக்கிறோம், இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் தொழில். என் மச்சினன் ஒரு பழைய ரோட்டரிக் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய நாளிலிருந்து இந்தப் பொருத்தம் பற்றிய கேள்வி என்னை விடவில்லை. மரக்கறி லொறி வைத்துத் தொழில் பார்க்கிறவன் அவன். யாரும் சீந்தாததால் மலிவாகக் கிடைத்தது, அதனால் வாங்கினேன் என்றான். அது பாதி உண்மை. மீதிப் பாதி சாவியைத் திருப்பியபோது அவன் முகத்தில் தெரிந்தது.

ரோலர் சுற்றும் விதம்

பிஸ்டன் எஞ்சினில் எல்லாமே போய்த் திரும்புகிற வேலை. பிஸ்டன் மேலே போகவேண்டும், நிற்கவேண்டும், திரும்பிக் கீழே வரவேண்டும். அதுவும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. அதற்குத் துணையாக வால்வு, வால்வைத் தள்ளக் கேம், கேமைச் சுற்ற ஒரு செயின். ரோட்டரியில் இந்தக் கும்பல் கிடையாது. பக்கங்கள் புடைத்த முக்கோணமாக ஒரு ரோட்டர், நடுவில் இலேசாக ஒடுங்கிய நீள்வட்டக் கூடு, மையம் விலகிய ஒரு தண்டு. காற்றும் பெற்றோலும் உள்ளே வரவும் புகை வெளியே போகவும் துவாரங்கள். ரோட்டரே அந்தத் துவாரங்களைத் திறந்து மூடிக்கொள்ளும்.

ஸ்டோரில் கொழுந்து உருட்டும் ரோலரைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ரோலரின் ஜாக்கெட் தன்னைத்தானே சுற்றுவதில்லை. மேசைக்கு மேல் மையம் தள்ளி வட்டமடிக்கும். ரோட்டரும் அப்படித்தான் வட்டமடிக்கிறது, கூடவே மெதுவாகத் தன்னையும் சுற்றிக்கொள்கிறது. தண்டு மூன்று சுற்றுப் போனால் ரோட்டர் ஒரு சுற்று. முக்கோணத்தின் ஒரு முகம் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போது அடுத்தது அமுக்கிக்கொண்டோ எரித்துக்கொண்டோ இருக்கும், மற்றது புகையைத் தள்ளும். நான்கு வீச்சுப் பிஸ்டனுக்குத் தண்டின் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ஒரு ரோட்டருக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. அதனால்தான் 654 சிசி ரோட்டர் இரண்டைப் போட்டு 1.3 லீற்றர் என்று எழுதிய எஞ்சின் அதைவிட மிகப் பெரிய எஞ்சினைப் போல இழுக்கிறது. ஜப்பான்காரர்கள் இந்தச் சாமர்த்தியத்தைக் கவனிக்காமல் விடவில்லை. வாகன வரிக்கு ரோட்டரியின் கொள்ளளவை ஒன்றரையால் பெருக்கித்தான் கணக்குப் பார்க்கிறார்கள்.

போய்த் திரும்புவது இல்லாததால் உதறல் இல்லை. பாகங்கள் குறைவு, எடை குறைவு, உருவமும் சின்னது. அதனால் எஞ்சினை முன் சக்கரங்களுக்குப் பின்னால், தாழ்வாக வைக்கலாம். வளைவில் வண்டியின் மூக்கு சொன்ன பக்கம் திரும்பும். இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வடிவத்தையே இன்னொரு தடவை பாருங்கள். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் கத்தி விளிம்பு போல அப்பெக்ஸ் சீல்கள். அறையிலிருந்து அறைக்குக் காற்று ஒழுகாமல் அவை கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓடவேண்டும். உரசினால் தேயும். தேயாமல் இருக்க ஒயில் வேண்டும். அதனால் எரியும் அறைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலை விட ஒரு பம்ப் வைத்திருக்கிறார்கள். அந்த ஒயில் எரிந்து போகும், அது பழுதல்ல. ஒயில் குடிக்கிறது என்று கராஜில் குற்றமாகச் சொல்வது அதன் சாப்பாடு.

அடுத்தது சூடு. பிஸ்டன் எஞ்சினில் எரிந்த இடத்துக்கே பிறகு குளிர்ந்த காற்றும் வரும். ரோட்டரியில் கூட்டின் ஒரு பக்கம் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், மறுபக்கம் எப்போதும் குளிர்ந்த காற்றை வாங்கிக்கொண்டே இருக்கும். ஒரே வார்ப்பில் இரண்டு சீதோஷ்ணம். எரியும் அறையோ நீண்டு தட்டையாகக் கிடக்கும். தீ ஒரு கோடியிலிருந்து மறுகோடி சேர்வதற்குள் கொஞ்சம் பெற்றோல் எரியாமலே வெளியேறிவிடும். ரோட்டருக்கு இரண்டு ப்ளக் வைப்பது அதனால்தான், அப்படியும் முழுசாகப் போதாது. உதறாமல் ஓடுவதற்கு எது காரணமோ அதுவேதான் பெற்றோல் வீணாவதற்கும் காரணம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றி எறிய முடியாது. கராஜ்காரர்களும் யூடியூப் பையன்களும் சண்டை போடுவது ஒரே முக்கோணத்தைப் பற்றி.

பேயின் நகக்கீறல்

இதன் சரித்திரத்தை நீட்டப்போவதில்லை, தேடினால் கிடைக்கும். ஃபீலிக்ஸ் வாங்கெல் என்ற ஜேர்மன்காரர், கார் ஓட்டும் லைசென்ஸ் எடுக்காமலே வாழ்ந்து முடித்தவர், என்எஸ்யு கம்பெனியில் இதை 1957இல் ஓடவைத்தார். அவருடைய முதல் வடிவத்தில் கூடும் சேர்ந்து சுற்றியது. அங்கிருந்த ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே கூட்டை நிறுத்தி ரோட்டரை மட்டும் சுற்றவிட்டார். என்னுடைய பந்தயக் குதிரையை ஏர்க்குதிரை ஆக்கிவிட்டீர்களே என்று வாங்கெல் கோபப்பட்டதாகச் சொல்வார்கள். ஆனால் கூடும் சுற்றினால் ப்ளக் மாற்றவே எஞ்சினைப் பிரிக்கவேண்டும். கராஜில் வேலை பார்க்கிற எவனும் பாஷ்கே பக்கம்தான் நிற்பான்.

என்எஸ்யுவின் ரோ 80 கார் 1967இல் வந்து, 1968க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டமும் வாங்கியது. சீல்கள் போய்க்கொண்டே இருந்தன. கம்பெனி உத்தரவாதத்தில் எஞ்சின் மாற்றியே இளைத்துப்போய் 1969இல் ஃபோக்ஸ்வாகனின் கைக்குப் போனது. எதிரெதிரே வரும் ரோ 80காரர்கள் கையை ஆட்டமாட்டார்கள், எத்தனை எஞ்சின் மாற்றினோம் என்று விரலைக் காட்டுவார்கள் என்று ஒரு கதை உண்டு. பத்து வருடத்தில் 37,000 சொச்சம் வண்டியோடு அது நின்றது.

ஹிரோஷிமாவில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1961இல் மஸ்டா உரிமம் வாங்கி எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது கூட்டின் உட்சுவர் முழுக்க அலை அலையாகக் கோடுகள். சீல் வழுக்கிப் போகாமல் அதிர்ந்து அதிர்ந்து சுவரைச் சுரண்டியிருக்கிறது. பேயின் நகக்கீறல் என்று அதற்குப் பேர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோவும் அவருக்குக் கீழே 47 பொறியியலாளர்களும் வேறு வேலை இல்லாமல் இதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கார்பனில் அலுமினியம் ஊறவைத்த சீல் கைகொடுத்தது. 1967 மேயில் காஸ்மோ விற்பனைக்கு வந்தது. ஒரு தேய்மானக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் தொங்கிய அந்த ஆட்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. 1991இல் நான்கு ரோட்டர் வைத்த மஸ்டா 787பி லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றதைப் பையன்கள் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்கள். பூரிக்கலாம். ஆனால் அந்த 24 மணி நேரத்தில் எஞ்சின் செய்தது சூடாகவே, வேகமாகவே, நிற்காமல் ஓடியதுதான். அதற்குப் பிடித்த வேலை. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோதுதான் அதற்குப் பிடிக்காத வேலை வந்தது, மஸ்டாவே ஆடிப்போனது. ஜெனரல் மோட்டர்ஸ் தன் ரோட்டரித் திட்டத்தை மூட்டை கட்டியது.

அந்த 1973 எப்படி இருந்திருக்கும் என்று எங்களுக்கும் ஒரு தடவை காட்டப்பட்டது.

2022 ஜூன்

அந்தப் பெற்றோல் வரிசைகளைப் பற்றி இலங்கையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எங்கள் ஊர் பெற்றோல் ஷெட் ஒரு மேட்டில் இருக்கிறது. வரிசை கீழேயிருந்து மேலே ஏறும். இறக்கமாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கை விட்டு உருட்டிக்கொண்டே போயிருக்கலாம். பவுசர் வருகிறது என்று கேள்விப்பட்டு மச்சினன் முதல்நாள் இரவே காரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். விடியற்காலையில் நான் தேத்தண்ணீர்ப் போத்தலோடு போனேன். ஜூன் மழை பிசுபிசுவென்று விழுந்துகொண்டிருந்தது. பனியில் முன்னால் நிற்கும் நாலாவது வண்டி தெரியவில்லை.

வரிசை நகரும்போது எல்லோரும் என்ன செய்தோம்? ஸ்டார்ட் பண்ணி, ஒரு வண்டி நீளம் நகர்ந்து, உடனே அணைத்தோம். சொட்டுக்கூட வீணாகக் கூடாதே. அல்டோவும் கொரோலாவும் த்ரீவீலும் அதைத்தான் செய்தன, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரோட்டரிக்கு அது விஷம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது பெற்றோல் கூடுதலாகத்தான் உள்ளே போகும். சூடேறுமுன் அணைத்தால் எரியாத மிச்சம் உள்ளேயே கிடக்கும். அது கூட்டின் சுவரிலிருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிவிடும். படலம் போனால் சீல் அடைக்காது, சீல் அடைக்காவிட்டால் அமுக்கம் வராது, அமுக்கம் வராவிட்டால் பற்றாது. பற்றவில்லையே என்று மறுபடி சாவியைத் திருப்பினால் இன்னும் பெற்றோல் உள்ளே போகும்.

வெளிச்சம் வருவதற்குள் அது நடந்துவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பின்னாலிருந்து ஹோன் சத்தம். நாலைந்து பேர் வந்து தள்ளிவிட்டார்கள், வண்டி நகர்ந்தது, அவ்வளவுதான். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு சுற்றினால் பெற்றோல் நின்று வெறும் காற்று மட்டும் போகும், அப்படி உலர்த்தலாம் என்று மச்சினனுக்குத் தெரியும். செய்தான். பற்றறி இறங்கியதுதான் மிச்சம். "மச்சான், ப்ளக்கைக் கழற்றிருவோமா?" என்றான். நாலு ப்ளக். எஞ்சினின் பக்கத்தில் தாழ்வாக, விரல் மட்டுமே போகிற இடத்தில் இருக்கின்றன. நனைந்த ரோட்டில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். முதல் ப்ளக்கைத் திருப்பி எடுத்ததும் அதன் நுனியிலிருந்து பெற்றோல் என் மணிக்கட்டில் வழிந்தது. மற்ற மூன்றும் அதே கதி. பெற்றோல் இல்லாமல் ஒரு ஊரே ரோட்டில் படுத்துக்கிடக்கிறது, நடுவில் ஒரு வண்டி பெற்றோலில் மூழ்கி ஓடமாட்டேன் என்கிறது.

எங்களுக்குப் பின்னால் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் த்ரீவீல். அதை ஓட்டுகிற பெரியவர் குடையோடு வந்து குனிந்து பார்த்தார். ப்ளக்கை வாங்கி மோந்தார். "உள்ள ஒயில் காஞ்சிருச்சு தம்பி. கொஞ்சம் காட்டுனா புடிக்கும்" என்றார். நான் ரோட்டரி என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் தன் சீட்டுக்கு அடியிலிருந்து 2டி என்கிற டூ ஸ்ட்ரோக் ஒயில் போத்தலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பெற்றோலோடு ஒயிலையும் எரித்து, வால்வு இல்லாமல் துவாரத்தால் மூச்சுவிடும் எஞ்சினோடு வாழ்ந்த மனிதர் அவர். கேள்வி கேட்கத் தேவை இருக்கவில்லை. ப்ளக் ஓட்டை ஒவ்வொன்றிலும் மூடியால் கொஞ்சமாக ஊற்றினோம். ப்ளக்கைத் துணியில் துடைத்து, லைட்டரால் காட்டி உலர்த்தி, திரும்பப் பூட்டினோம். அவருடைய மருமகனின் வேனிலிருந்து வயர் போட்டுப் பற்றறிக்கு உயிர் கொடுத்தோம். மூன்றாவது சுற்றலில் திக்கித் திக்கிப் பிடித்தது. பின்னால் கிளம்பிய வெள்ளைப் புகையில் வரிசையின் பாதி காணாமல் போனது. யாரோ சிங்களத்தில் திட்டினார்கள், யாரோ சிரித்தார்கள். "அணைச்சிராதீங்க" என்று பெரியவர் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

அணைக்கவில்லை. பவுசரில் வந்தது எங்களுக்கு எட்டும்வரை, இருந்த பெற்றோலை எரித்துக்கொண்டே பெற்றோலுக்குக் காத்திருந்தோம். அந்த மாதக் கடைசியில் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. பிறகு பெற்றோல் பங்கீட்டுக்குக் க்யூஆர் வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். கடைசியாகப் பெருமளவில் விற்ற ரோட்டரிக் காரான மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஐரோப்பிய அளவீட்டிலேயே 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 11 லீற்றர் கேட்டது. நம் மலைக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கொழும்புக்குப் போனால் திரும்பி வரப் போதாது.

அன்று சாக்கில் கிடந்தபோதுதான் எனக்குள் ஏதோ பொருந்தியது. பலவீனமான எஞ்சின் என்று இதைச் சொல்வது சரியல்ல. அரைகுறையாக வேலை வாங்கினால் கெட்டுப்போகும் எஞ்சின் இது. கிளப்பினால் சூடேறும்வரை ஓட்டவேண்டும், சூடேறினால் சுற்றவிடவேண்டும், ஓட்டி முடித்துத்தான் அணைக்கவேண்டும். பிள்ளையை டியூஷனில் விட்டு வருவதற்கும், சந்திக் கடைக்குப் போய்ப் பாண் வாங்குவதற்கும் எடுத்தால் அது மெல்ல மெல்லச் செத்துப்போகும். எங்கள் வாழ்க்கையில் காருக்கு இருக்கிற வேலையில் முக்கால்வாசி அந்தச் சின்ன ஓட்டங்கள்தான்.

மலை ரோடு

மலையும் அதற்குத் தோதில்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எந்த எஞ்சினுக்கும் அங்கே மூச்சு வாங்கும். ஆனால் கீழ்ச் சுற்றில் இழுக்கிற டீசலுக்கு அது பெரிதாகத் தெரியாது. ரோட்டரிக்குக் கீழ்ச் சுற்றில் முதலிலேயே கையில் ஒன்றும் இல்லை. ஆர்எக்ஸ்-8இன் முழு இழுவை, மாடலைப் பொறுத்து, 5,000 அல்லது 5,500 சுற்றில்தான் வரும். கொட்டகலையைத் தாண்டி ஒரு மரக்கறி லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கொண்டையூசி வளைவில் இரண்டாம் கியரில் ஊர்ந்து பாருங்கள், மச்சினனின் லொறியை ஓட்டுவதே மேல் என்று தோன்றும். இறக்கத்தில் இன்னொரு தொல்லை, எஞ்சின் பிரேக் கைகொடுப்பது குறைவு. கினிகத்தேனையில் இறங்கி முடிக்கையில் பிரேக் வாசனை அடிக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். நெருக்கடி தணிந்தபின் ஒரு ஞாயிறு விடியலில் தலவாக்கலையிலிருந்து நானுஓயா வழியாக என்னை ஏற்றிக்கொண்டு போனான். லொறி இல்லை, பஸ் இன்னும் கிளம்பவில்லை. ரோடு காய்ந்திருந்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை அடக்கியே ஓட்டினான். அப்புறம் விட்டான். நாலாயிரம் வரை ஒரு பேச்சும் இல்லாத எஞ்சின், ஐந்தைத் தாண்டியதும் தடையே இல்லாமல் ஏறிக்கொண்டு போனது. பிஸ்டன் எஞ்சினில் மேலே போகப் போக ஒரு முக்கல் கேட்கும், கை, கால், சீட் எல்லாம் போதும் என்று சொல்லும். இதில் அந்தப் போதும் வரவே இல்லை. அதனால் பீப் என்று ஒரு மணி வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் ஓட்டுகிறவன் நிறுத்தமாட்டான். வளைவுக்கு வளைவு மூக்கு இலேசாகத் திரும்பியது. நான் வேகப் பிரியன் இல்லை, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றுதான் இருந்தது. நுவரெலியாவில் சித்திரை சீசனில் மகாகஸ்தொட்ட கார் மலையேற்றப் பந்தயம் பார்க்க ஆட்கள் ஏன் குளிரில் நிற்கிறார்கள் என்று அன்றுதான் விளங்கியது.

ஜெனரேட்டருக்கு ஒரு ரோட்டரி

ஆர்எக்ஸ்-8 ஐரோப்பாவில் யூரோ 5 புகைக் கட்டுப்பாட்டைத் தாண்ட முடியாமல் 2010இல் விலகி, 2012இல் எங்கும் நின்றுபோனது. பதினோரு வருடம் கழித்து 2023இல் மஸ்டா ரோட்டரியைத் திரும்பக் கொண்டுவந்தது, எம்எக்ஸ்-30 என்ற மின்சாரக் காரில். 830 சிசியில் ஒரே ஒரு ரோட்டர். சக்கரத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. பற்றறிக்கு மின்சாரம் பண்ணுவது மட்டும்தான் வேலை. மெஷின்காரனாகப் பார்த்தால் இது கெட்டிக்காரத்தனம். ஏறி இறங்கும் கால் அதன்மேல் இல்லை, கீழ்ச் சுற்றில் இழு என்று யாரும் கேட்கமாட்டார்கள். உருவம் சின்னது, உதறாது. இந்த எஞ்சின் எதை வெறுக்கிறதோ அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. சரி, காரணம் சொல்கிறேன். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது எங்கள் ஸ்டோரின் டீசல் ஜெனரேட்டரோடுதான் நான் குடும்பம் நடத்தினேன். ஜெனரேட்டரிடம் நான் கேட்பது இரண்டுதான்: குறைவாகக் குடி, வருடக்கணக்கில் ஓடு. இரண்டிலும் டீசல் எஞ்சின் ரோட்டரியை மிதித்துவிடும். ரோட்டரியை மன்னிக்க நமக்கு இருந்த ஒரே காரணம், ஐந்தாயிரத்துக்கு மேல் அது காட்டும் அந்த ஓட்டம். அதை ஒரு பெட்டிக்குள் வைத்து, ஓட்டுகிறவன் காலுக்கு எட்டாமல் ஆக்கிய பிறகு, அதன் குறைகளை நான் ஏன் பொறுத்துக்கொள்ளவேண்டும்? யமமோட்டோவின் ஆட்கள் அந்த நகக்கீறலோடு மல்லுக்கட்டியது இதற்காக இருக்காது.

மச்சினன் வண்டியை விற்றுவிட்டான். வாங்க வந்தவர் விவரமானவர், அமுக்கம் பார்க்கத் தனிக் கருவி கொண்டுவந்திருந்தார். நம் கராஜ்களில் இருக்கிற சாதாரண கேஜ் ரோட்டரின் மூன்று முகத்தில் எது அதிகமோ அதை மட்டும்தான் காட்டும். ஒரு முகம் செத்திருந்தாலும் தெரியாது. அவருடைய கருவியில் ஒரு முகம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அதைச் சொல்லி விலையைக் குறைத்தார். இப்போது மச்சினன் ஒரு ஹைபிரிட் ஓட்டுகிறான், நிம்மதி என்கிறான். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தான்: கம்பஹாவில் ஒரு ரோட்டரி, சீல் புதிதாக மாற்றியது. "சும்மா பாருங்க மச்சான்" என்று கீழே எழுதியிருந்தான். மூன்று முகத்துக்கும் தனித்தனியாக அளந்த பேப்பர் இருந்தால் வாங்கி அனுப்பச் சொன்னேன்.